பழைய ஏடாட், டிடிஆர்எஸ் டேப்புகளைக் கணினிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களில் எட்டு டிராக் டிஜிட்டல் டேப்பில் பதிவானவை நிறைய இன்னும் கேசட்டாகவே கிடக்கின்றன. டேப் கெடும் வேகத்தைவிட அதை வாசிக்கும் மெஷின்கள் கெடும் வேகம் அதிகம். அதனால் மாற்ற நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. டேப்பில் இருப்பது எண்கள். அந்த எண்கள் ஒன்றுகூட மாறாமல் கணினிக்கு வந்தனவா என்று சோதித்து உறுதிசெய்ய முடியும். காதால் கேட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடித்துவிடுவதே இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு.

என்னிடம் இருப்பது எந்த வகை டேப் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீடியோ கேசட் அளவில் இருந்தால் அநேகமாக ஏடாட். அலெசிஸ் நிறுவனம் 1991இல் அறிவித்து 1992இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவம் இது. எஸ்-விஎச்எஸ் கேசட்டில் எட்டு டிராக் பதிவாகும். டேப் சாதாரண வீடியோவைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓடுவதால் 120 நிமிடக் கேசட்டில் சுமார் 40 நிமிடம்தான் கிடைக்கும். 160 நிமிடக் கேசட்டில் சுமார் 53 நிமிடம். ஃபோஸ்டெக்ஸ் ஆர்டி-8 மெஷினில் பதிவானதும் இதே வடிவம்தான்.

உள்ளங்கையில் அடங்கும் ஹை-8 கேசட் என்றால் டிடிஆர்எஸ். டாஸ்காம் டிஏ-88 மெஷினோடு 1993இல் வந்தது. இதிலும் எட்டு டிராக். 120 நிமிடக் கேசட்டில் 108 நிமிடம் பதிவாகும். சோனி பிசிஎம்-800 என்று உறையில் எழுதியிருந்தாலும் டிடிஆர்எஸ்தான்.

கேசட் அளவை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே ஸ்டூடியோ அலமாரியில் வீடியோ நகல்களும் ஸ்டீரியோ மாஸ்டர்களும் இதே கேசட்டுகளில் இருக்கும். அகாய் ஏ-டாம் என்ற 12 டிராக் மெஷினும் 8 மி.மீ. கேசட்டையே பயன்படுத்தியது, அதை டாஸ்காம் மெஷின் வாசிக்காது. உறையில் உள்ள டிராக் ஷீட்டில் 12 பெயர்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எந்த மாடல் மெஷின் தேட வேண்டும்?

ஏடாட்டில் இரண்டு தலைமுறை உண்டு. டைப் 1 என்பது 16 பிட்: முதலில் வந்த கறுப்பு முகப்பு மெஷினும் பிறகு வந்த எக்ஸ்டியும் இந்த வகை. டைப் 2 என்பது 20 பிட்: எக்ஸ்டி-20, எல்எக்ஸ்-20, எம்-20. டைப் 2 மெஷின் இரண்டு வகை டேப்பையும் வாசிக்கும். டைப் 1 மெஷின் 20 பிட் டேப்பை வாசிக்காது. எனவே எதை வாங்குவது என்று குழப்பமாக இருந்தால் 20 பிட் மெஷினாகத் தேடுங்கள்.

டாஸ்காமிலும் இதே கதைதான். டிஏ-88, டிஏ-38, டிஏ-98 ஆகியவை 16 பிட். பெயரின் முடிவில் எச்ஆர் என்று வரும் டிஏ-78எச்ஆர், டிஏ-98எச்ஆர் இரண்டும் 24 பிட் டேப்பையும் பழைய 16 பிட் டேப்பையும் வாசிக்கும்.

பதிவுசெய்த அதே மெஷின் இன்னும் உயிரோடு இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். இவை எல்லாம் சுழலும் டிரம்மில் பொருத்திய ஹெட்டால் டேப்பின் குறுக்கே சாய்வாக எழுதுபவை. எழுதிய மெஷினின் வழிகாட்டித் தூண்கள் சற்றே விலகியிருந்தாலும் அதே மெஷின் அந்தக் கோடுகளைச் சரியாகப் பின்தொடரும். ஒழுங்காக அலைன்மென்ட் செய்த வேறு மெஷின்தான் தடுமாறும்.

பழைய மெஷின் வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

டிரம் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதை இந்த மெஷின்கள் கணக்கு வைத்திருக்கும். எந்தப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் தெரியும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். குறைந்த மணிநேரம் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் வைத்து வாங்கினால் ஏமாறலாம். ஓடாமல் கிடந்த மெஷினிலும் ரப்பர் கெட்டியாகிவிடும். கறுப்பு முகப்பு ஏடாட்டில் ரீல்களைச் சுற்றும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பரும் பிஞ்ச் ரோலரும் முதலில் போகும். டேப்பை உள்ளே இழுக்கும் நிலையை உணரும் மோட் ஸ்விட்ச் அழுக்கேறினால் டேப் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஓடாது.

டிஏ-88இல் வேறு நோய்: சர்க்யூட் பலகைகளில் உள்ள சிறிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் கசிந்து, அடியில் உள்ள செம்புத் தடங்களையும் அரித்துவிடும். மாற்றாத கெபாசிட்டர்களோடு வந்த டிஏ-88ஐ அப்படியே முக்கியமான டேப்புக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வாங்கிய உடனே இழந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு டேப்பை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் சுற்றி, நடுவில் நிறுத்தி, வெளியே எடுத்து, டேப்பின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரம் மடித்த மெஷினில் அடுத்த டேப்பைப் போடவே கூடாது.

டேப்பை மெஷினுக்குள் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை?

முதலில் ரெக்கார்ட் பாதுகாப்பு. ஏடாட் கேசட்டின் முதுகில் உள்ள சிறிய பிளாஸ்டிக் தாவலை உடைத்து எடுத்துவிடுங்கள். ஹை-8 கேசட்டில் சிறிய நகர்த்தி இருக்கும். அதைப் பதிவைத் தடுக்கும் பக்கம் தள்ளுங்கள். டேப்பை அழித்துப் புதிதாகத் தயார்செய்யும் ஃபார்மட் பட்டன் ஏடாட் முகப்பிலேயே இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் இதன் அவசியம் புரியும்.

குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த டேப்பை மெஷின் இருக்கும் அறையில் ஒரு நாள் வைத்திருங்கள். ஈரம் படிந்த டேப் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கேசட்டின் ஜன்னல் வழியாக விளக்கடித்துப் பாருங்கள்: ரீலின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ பஞ்சு போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்த டேப்பை ஓட்டக் கூடாது; டேப் கெடுவதோடு மெஷினும் அழுக்காகி, அடுத்து வரும் டேப்புகளுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யும் வசதி உள்ளவர்களிடம் தனியாகக் கொடுங்கள்.

பிறகு உறை, டிராக் ஷீட், கேசட் லேபிள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். "7-ல் கோரஸ், 2-ம் டேப்பில் மீண்டும்" என்ற ஒரு கிறுக்கல் பின்னால் பல மணிநேரத்தை மிச்சப்படுத்தும்.

டேப்பை ஒருமுறை கடைசிவரை வேகமாகச் சுற்றி, திரும்பக் கொண்டுவாருங்கள். ஏடாட்டில் ஸ்டாப்பை இரண்டாவது முறை அழுத்தினால் டேப் டிரம்மை விட்டு விலகும். அந்த நிலையில் சுற்றுவது வேகம், தேய்மானமும் இல்லை. பல ஆண்டு ஒரே இறுக்கத்தில் கிடந்த டேப் சீராகச் சுற்றப்படுவதால் வாசிப்பில் தடுமாற்றம் குறையும்.

ஹெட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம். பஞ்சின் நூல் சுழலும் ஹெட்டின் நுனியில் சிக்கினால் ஹெட் உடையும், அதோடு டிரம்மே வீண். ஷாமாய் தோல் ஒட்டிய குச்சியும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வேண்டும்.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைத் திறங்கள். தோலை நனைத்து டிரம்மின் பக்கவாட்டில் மெதுவாக வைத்துப் பிடியுங்கள். குச்சியை அசைக்காமல், டிரம்மின் மேற்பகுதியை விரலால் மெல்லச் சில சுற்று சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது. ஹெட் அந்தத் திசையில் தாங்காது. வழிகாட்டித் தூண்களையும் நிலையான ஹெட்டையும் தாராளமாகத் துடைக்கலாம். பிஞ்ச் ரோலருக்கு ரப்பர் சுத்திகரிப்பான் நல்லது. ஆல்கஹாலை அடிக்கடி போட்டால் ரப்பர் காய்ந்துவிடும். பத்து நிமிடம் உலரவிட்டு மூடுங்கள்.

உலர் சுத்தக் கேசட்டுகள் உப்புத்தாளின் வேலையைச் செய்கின்றன. வேறு வழியில்லாதபோது சில வினாடிகள் மட்டும்.

ஏடாட்டைக் கணினியோடு எப்படி இணைப்பது?

மெஷினின் பின்புறம் ஆப்டிகல் அவுட் இருக்கும். ஒரே ஒளியிழைக் கேபிளில் எட்டு டிராக்கும் ஒரே நேரத்தில் டிஜிட்டலாகவே வரும். இந்த இணைப்பு மெஷினைவிட நீண்ட நாள் வாழ்ந்துவிட்டது: இன்றும் பல ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுவரும் பெட்டிகள்) ஏடாட் உள்ளீடு உண்டு. அந்த உள்ளீடு உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்றும், சாதாரண டாஸ்லிங்க் கேபிள் ஒன்றும் போதும். ஓரிரண்டு மீட்டர் கேபிள் நல்லது. 5 மீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதே சதுர ஆப்டிகல் துளை ஸ்டீரியோ எஸ்பிடிஐஎஃப் சிக்னலுக்கும் பயன்படும். இன்டர்ஃபேஸின் அமைப்புப் பக்கத்தில் அது எஸ்பிடிஐஎஃப் என்று இருந்தால் ஒலி வராது அல்லது இரைச்சல் வரும். ஏடாட் என்று மாற்றுங்கள்.

டாஸ்காமில் ஆப்டிகல் துளையே இல்லையே?

இல்லைதான். அதில் டிடிஐஎஃப் என்ற 25 பின் இணைப்பு. எட்டு டிராக்கும் இரு திசையிலும் அதில் போகும். இன்றைய இன்டர்ஃபேஸ்களில் இது கிடைப்பது அரிது. பழைய மோட்டு 2408இல் டிடிஐஎஃப், ஏடாட் இரண்டும் உண்டு, ஆனால் அதற்குக் கணினிக்குள் பிசிஐ அட்டை வேண்டும். எளிய வழி, டிடிஐஎஃப்பை ஏடாட்டாக மாற்றும் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடிப்பது: டாஸ்காம் ஐஎஃப்-டிஏடி, அபோஜி எஃப்சி-8, ஒட்டாரி யுஎஃப்சி-24 போன்றவை பழைய பொருள் சந்தையில் வரும். அதற்குப் பிறகு எல்லாம் மேலே சொன்ன ஏடாட் வழிதான். சோனி பிசிஎம்-800 கிடைத்தால் அதில் ஏஇஎஸ் டிஜிட்டல் அவுட் இருக்கிறது. நான்கு ஜோடி ஏஇஎஸ் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸில் நேராகச் செருகலாம்.

ஓர் எச்சரிக்கை. டிஏ-88இன் அனலாக் இணைப்பும் அதே 25 பின் வடிவம்தான். டிடிஐஎஃப் கேபிளும் அனலாக் கேபிளும் உள்ளே வேறு வேறு வயரிங். மாற்றிச் செருகாதீர்கள், கேபிளில் பெயர் ஒட்டி வையுங்கள்.

கிளாக் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

எண்கள் எந்தத் தாளத்தில் அனுப்பப்பட்டு வாங்கப்படுகின்றன என்பதை நடத்துவது கிளாக். ஒரே ஒரு விதி: டேப் மெஷின் மாஸ்டர், கணினி பின்தொடர வேண்டும். மெஷினில் கிளாக்கை இன்டர்னல் என்றும், டிஜிட்டல் இன் பட்டனை அணைத்தும் வையுங்கள். இன்டர்ஃபேஸில் கிளாக் மூலத்தை ஏடாட் ஆப்டிகல் என்று வையுங்கள். லாக் விளக்கு நிலையாக எரிய வேண்டும்.

டிஏ-88இல் டிடிஐஎஃப் வழியாக வரும் கிளாக்கை நம்ப வேண்டாம். கிளாக்கை மட்டும் தரும் மெஷினின் வேர்டு கிளாக் அவுட்டிலிருந்து பிஎன்சி கேபிளை, மேலே சொன்ன மாற்றும் பெட்டிக்கோ இன்டர்ஃபேஸுக்கோ தனியாகக் கொடுங்கள்.

இன்டர்ஃபேஸ் தன் சொந்தக் கிளாக்கில் ஓடினால் என்ன ஆகும்? ஒலி வரும். அதுதான் ஆபத்து. மெஷினிலும் இன்டர்ஃபேஸிலும் உள்ள கிளாக் கிரிஸ்டல்கள் இரண்டும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. சில வினாடிக்கு ஒருமுறை ஒரு சாம்பிள் (டேப்பில் உள்ள ஓர் எண்) விடுபடும் அல்லது இரட்டிக்கும்; மெல்லிய "டிக்" சத்தம். டிரம்ஸ் அடிக்கும் பகுதியில் காதில் விழாது, தனிக்குரல் நீளும் இடத்தில் கேட்கும். அதற்குள் எட்டுக் கேசட் முடிந்திருக்கும்.

ஒரு டேப்பை மாற்றும் முழு வரிசையைச் சொல்ல முடியுமா?

1. மென்பொருளில் புதிய ப்ராஜெக்ட், டேப்பின் சாம்பிள் ரேட்டிலேயே (பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ்), 24 பிட் வேவ் ஃபைல்.
2. எட்டு மோனோ டிராக். ஒவ்வொன்றுக்கும் நேரடி உள்ளீடு. இன்டர்ஃபேஸின் உள் மிக்சர், சாம்பிள் ரேட் மாற்றம், டிதர் (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்), எந்த எஃபெக்டும் இருக்கக் கூடாது.
3. மெஷினில் ஆல் இன்புட் அணைந்திருக்கிறதா பாருங்கள். எரிந்தால் டேப்பின் ஒலிக்குப் பதில் உள்ளீட்டின் ஒலி வெளியே போகும்.
4. டிராக் டிலே, பிட்ச், டேப் ஆஃப்செட் எல்லாம் பூஜ்யத்தில். கடைசியாக மெஷினைப் பயன்படுத்தியவர் ஏதாவது ஒரு டிராக்கைச் சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்திருக்கலாம்.
5. கவுன்ட்டரைப் பூஜ்யத்துக்குச் சில வினாடி முன்னால் கொண்டுபோங்கள். முதலில் கணினியில் ரெக்கார்ட், பிறகு மெஷினில் ப்ளே.
6. டேப் முடியும்வரை நிறுத்தாதீர்கள். பாடல்களுக்கு நடுவில் உள்ள மௌனத்தையும் சேர்த்து ஒரே ஓட்டமாக எடுங்கள், வெட்டுவது பிறகு.
7. திரும்பச் சுற்றி, இரண்டாவது ஓட்டம்.

ஓட்டத்தின்போது மெஷினின் பிழை விளக்கைக் கவனித்து, அது மின்னும் நேரத்தைக் குறித்து வையுங்கள். கறுப்பு முகப்பு ஏடாட்டில் அது கவுன்ட்டரின் ஓரத்தில் உள்ள ஒரு சிறு புள்ளி. தெரிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். 40 நிமிட டேப் ஒன்றுக்கு இரண்டு ஓட்டம், சுற்றுவது, சோதிப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாஸில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்: டிரம் ஒரே இடத்தில் டேப்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

16 பிட் டேப்பை ஏன் 24 பிட் ஃபைலாக எடுக்க வேண்டும்?

ஒலி மேம்படாது. ஆனால் ஒரு நல்ல சோதனை கிடைக்கும். ஆப்டிகல் இணைப்பு 24 பிட் இடம் கொண்டது. 16 பிட் டேப் அதில் மேல் 16ஐ மட்டும் நிரப்பும், கீழ் எட்டும் பூஜ்யமாக இருக்கும். பிட் மீட்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கீழ் எட்டுப் பிட்டும் அசையாமல் இருந்தால் வழியில் யாரும் கைவைக்கவில்லை. அவை துள்ளினால் எங்கோ ஒரு ஃபேடர் 0 டெசிபெலை விட்டு விலகியிருக்கிறது, அல்லது சாம்பிள் ரேட் மாற்றம் ஓடுகிறது. 20 பிட் டேப்பில் கீழ் நான்கு பூஜ்யமாக இருக்க வேண்டும்.

96 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. டேப்பில் இல்லாத எதுவும் வராது. உறுதிசெய்யும் வழி மட்டும் அடைபடும்.

இரண்டு ஓட்டம் எதற்கு? ஒன்று நன்றாகத்தானே கேட்கிறது?

மெஷின் டேப்பிலிருந்து படிக்கும்போது சிறு பிழைகளைக் கணக்குப்போட்டுச் சரியாகவே திருத்திவிடும், அதில் இழப்பில்லை. பிழை அந்த எல்லையைத் தாண்டினால், அக்கம்பக்கத்து சாம்பிள்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும். இன்னும் மோசமானால் ஒலியை அணைத்துவிடும். ஊகித்து நிரப்பிய இடம் காதுக்கு அநேகமாகத் தெரியாது, ஆனால் அது பதிவான ஒலி அல்ல.

கண்டுபிடிப்பது எளிது. இரண்டு ஓட்டத்தின் டிராக் 1ஐயும் அடுத்தடுத்து வைத்து, கூர்மையான ஒரு டிரம் அடியைப் பெரிதாக்கி, சாம்பிள் அளவில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி நகர்த்துங்கள். ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்பி (மேடு பள்ளமாகும்படி) இரண்டையும் கூட்டுங்கள்; இதுதான் கழிப்பது. கிளாக் சரியாக இருந்து இரண்டு ஓட்டமும் சுத்தமாக வந்திருந்தால் விடை முழுப் பூஜ்யம்: குறைந்த ஒலி அல்ல, மீட்டரில் எதுவுமே அசையாத பூஜ்யம். இரண்டாவது ஓட்டத்தின் எட்டு டிராக்கையும் சேர்த்து அதே அளவு நகர்த்திவிட்டால் எட்டையும் ஒரே நேரத்தில் சோதிக்கலாம்.

முடிவைப் படிப்பதில் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அங்கங்கே மிகச்சிறிய துண்டுகள் மட்டும் தெரிந்தால் அவை ஊகித்து நிரப்பிய இடங்கள். ஓரிடத்திலிருந்து கடைசிவரை பூஜ்யமாகாமல் போனால் அந்த இடத்தில் ஒரு சாம்பிள் நழுவியிருக்கிறது, கிளாக்கைப் பாருங்கள். தொடக்கம் முதலே மெல்லிய ஒலி மிச்சமிருந்தால் பொருத்தம் ஒரு சாம்பிள் தள்ளியிருக்கிறது அல்லது ஒரு ஃபேடர் விலகியிருக்கிறது.

துண்டுகள் தெரிந்த இடத்தில் எந்த ஓட்டம் சரி என்பது மூன்றாவது ஓட்டத்தைக் கழித்துப் பார்த்தால் விளங்கும். மூன்றாவது எதனோடு சேர்ந்து பூஜ்யமாகிறதோ அதுவே சரியானது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டுங்கள்.

மூன்று ஓட்டத்திலும் ஒரே இடத்தில் பிழை வருகிறதே?

அப்படியானால் காரணம் டேப்பில் இருக்கிறது, அல்லது இந்த மெஷினுக்கும் அந்த டேப்புக்கும் ஒத்துப்போகவில்லை. ஹெட்டைச் சுத்தம் செய்து இன்னொரு முறை. பிறகு வேறு மெஷின். ஒன்று மறுக்கும் டேப்பை இன்னொன்று சாதாரணமாக வாசிப்பது வழக்கம். டேப் முழுவதும் பிழை மின்னிக்கொண்டே இருந்தால் அலைன்மென்ட் பிரச்சினை: பழுதுபார்ப்பவர் வழிகாட்டித் தூண்களை அந்த டேப்புக்கு ஏற்றபடி திருப்பி, கணினிக்கு எடுத்து முடித்தபின் அலைன்மென்ட் டேப்பை வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இதை அனுபவம் இல்லாமல் செய்யாதீர்கள்.

44.1ஆ 48ஆ என்று தெரியவில்லை. டேப்பே சொல்லாதா?

டிடிஆர்எஸ்ஸில் சொல்லும், ஃபார்மட் செய்தபோதே அது பதிவாகிறது. கறுப்பு முகப்பு ஏடாட்டில்தான் சிக்கல். அதில் 44.1 என்று தனித் தேர்வு கிடையாது, சிடிக்காக 44.1இல் வேலை செய்தவர்கள் பிட்சைச் சுமார் 147 சென்ட் குறைத்துவைத்துப் பதிவுசெய்தார்கள். அதை 48இல் ஓட்டினால் 8.8 சதவீதம் வேகமாகவும், ஒன்றரை அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்தும் ஒலிக்கும். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 வினாடியில் முடிந்துவிடும்.

பாடகர் குரல் தெரிந்ததென்றால் காதே சொல்லிவிடும். இல்லையென்றால் எலெக்ட்ரிக் கிட்டார் டிராக்கில் வாசிக்காத இடத்தைத் தேடி, மின்சார ஹம் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று ஸ்பெக்ட்ரம் மீட்டரில் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் பதிவானது 54.4இல் தெரிந்தால், 60 ஹெர்ட்ஸ் இடத்தில் பதிவானது 65.3இல் தெரிந்தால், டேப் 44.1. எடுத்துவிட்ட ஃபைலை மீண்டும் எடுக்கத் தேவையில்லை: சாம்பிள்கள் அதேதான். ஃபைல் தலைப்பில் உள்ள ரேட்டை 44,100 என்று திருத்தினால் போதும். மாற்றிக் கணக்கிடும் கருவியைப் பயன்படுத்தாதீர்கள்.

24 டிராக் பதிவு. மூன்று டேப், ஒரே மெஷின். எப்படிச் சேர்ப்பது?

நல்ல செய்தி: ஒவ்வொரு டேப்பையும் மெஷினின் கிளாக்கிலேயே எடுத்திருந்தால் தொடக்கத்தைப் பொருத்தினால் போதும், பாட்டின் முடிவில் விலகாது. டேப்பில் உள்ள சாம்பிள் எண்ணிக்கைதான் ஃபைலிலும் இருக்கிறது.

பொருத்துவதற்கு ஏதாவது பொதுவான அடையாளம் வேண்டும். இரண்டாவது டேப்பில் முதல் டேப்பின் கரடுமுரடான மிக்ஸை வழிகாட்டியாக இரண்டு டிராக்கில் ஏற்றிவைப்பது அந்நாள் வழக்கம். அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனலாக் மேசை வழியாகப் போய்வந்திருந்தால் கன்வெர்ட்டர்களால் சிறிது தாமதம் சேர்ந்திருக்கும். தொடக்கத்தில் எண்ணும் குச்சித் தட்டல், ஒரு டிராக்கில் டைம்கோடு (நேரத்தைக் குறிக்கும் சிக்னல்), பாடகரின் மைக்கில் கசிந்த டிரம்ஸ் எல்லாம் உதவும். எதுவும் இல்லையென்றால் வெளியான ஸ்டீரியோ மிக்ஸை ப்ராஜெக்டில் போட்டு, பாட்டின் தொடக்கத்துக்கு அருகே ஒவ்வொரு டேப்பையும் அதோடு பொருத்துங்கள்.

இரண்டு மெஷின் கிடைத்தால் இந்தத் தேடலே வேண்டாம். 9 பின் சிங்க் கேபிளால் இணைத்தால் (டாஸ்காமில் 15 பின்) இரண்டாவது மெஷின் முதலாவதைச் சாம்பிள் துல்லியத்தில் பின்தொடரும். இன்டர்ஃபேஸில் இரண்டு ஆப்டிகல் உள்ளீடு வேண்டும். முதலில் டேப் 1, 2 சேர்ந்து ஓடட்டும். பிறகு டேப் 1, 3. டேப் 1 இரண்டு ஓட்டத்திலும் இருக்கிறது அல்லவா? அதன் இரண்டு பிரதிகளையும் கழித்துப் பூஜ்யமாகும்படி பொருத்துங்கள். டேப் 3இன் டிராக்குகளையும் அதே அளவு நகர்த்தினால் 24ம் தானாகவே இடத்தில் அமரும். டேப் 1க்கான சரிபார்ப்பும் இதிலேயே முடிந்துவிடுகிறது.

அனலாக் அவுட்டிலிருந்து எடுத்தால் என்ன நஷ்டம்?

டிஜிட்டல் அவுட் செத்துப்போன மெஷின் என்றால் எடுங்கள், டேப் குப்பைக்குப் போவதைவிட மேல். கறுப்பு முகப்பு ஏடாட்டில் 56 பின் பெரிய இணைப்பு +4 அளவில் (ஸ்டூடியோக் கருவிகளின் உயர்ந்த சிக்னல் அளவு), கால் அங்குல ஜாக்குகள் -10 அளவில் (அதைவிடக் குறைந்தது). டிஏ-88இல் 25 பின் +4, ஆர்சிஏ -10. இன்னொரு முறை கன்வெர்ட்டர்கள் வழியாகப் போவதால் ஒலியில் சிறிது மாற்றம் இருக்கும், அதைவிடப் பெரிய இழப்பு கழித்துச் சரிபார்க்க முடியாமல் போவது. ஆப்டிகலோ வேர்டு கிளாக்கோ மட்டும் வேலை செய்தால் இன்டர்ஃபேஸின் கிளாக்கையாவது அதில் பூட்டுங்கள்.

டேப் மெஷினில் சிக்கிக்கொண்டது. என்ன செய்வது?

எஜெக்ட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, டேப் எங்கே சுற்றியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். லோடிங் மோட்டாரின் பல்சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினால் தூண்கள் பின்னால் வரும். தளர்ந்த டேப்பை ரீலைத் திருப்பி உள்ளே இழுத்துவிட்டுக் கேசட்டை எடுங்கள். டிரம்மின் பக்கவாட்டை விரலால் தொடாதீர்கள். மடங்கிய பகுதியை நீவிவிட்டு ஒருமுறை ஓட்டலாம். அந்த இடத்தில் ஒலி இல்லாமல் போனாலும் மிச்சம் கிடைக்கும்.

டேப்பை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும் என்கிறார்களே?

ஒட்டும் பசை கக்கும் சில ரீல் டேப்புகளுக்கான சிகிச்சை அது; அதற்கும் வெப்பநிலையை ஓரிரு டிகிரிக்குள் பிடிக்கும் கருவி வேண்டும். கேசட்டில் பிளாஸ்டிக்கும் இருக்கிறது. ஹை-8இல் உலோகம் ஆவியாகப் படிந்த டேப் வகையும் உண்டு. சமையலறை அடுப்பு இதற்கல்ல. ஓட்டும்போது கீச்சென்று கத்தினாலோ ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஹெட் அடைத்தாலோ நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொடுங்கள்.

ரீல் வடிவ டிஜிட்டல் டேப் வைத்திருக்கிறேன். இதே முறைதானா?

இல்லை. அரை அங்குல ரீல் என்றால் அநேகமாக சோனி பிசிஎம்-3324 அல்லது 3348, அதாவது டாஷ் வடிவம், 24 அல்லது 48 டிராக். 24 டிராக் டேப்பை 3348 வாசிக்கும். ஒரு அங்குல ரீலில் 32 டிராக் என்றால் மிட்சுபிஷியின் புரோடிஜி. இந்த மெஷின்களைப் பராமரிக்கும் இடங்கள் உலகில் வெகுசிலவே. அங்கேதான் போக வேண்டும். கொடுக்கும்போது ஒரு கேள்வி மட்டும் மறக்காமல் கேளுங்கள்: பதிவில் எம்ஃபசிஸ் (பதிவின்போது உச்சத் தொனிகளை வேண்டுமென்றே கூட்டுவது) இருக்கிறதா, இருந்தால் ஃபைலில் அது நீக்கப்பட்டதா? நீக்காத ஃபைலில் உச்சத் தொனிகள் 10 டெசிபெல் வரை கூடியிருக்கும். "பழைய டிஜிட்டல் என்றாலே கிறீச்சென்றுதான் இருக்கும்" என்று யாராவது சமாதானம் சொல்லிவிடுவார்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? ஃபைல்களுக்கு எப்படிப் பெயரிடுவது?

எட்டு டிராக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 69 எம்பி. 40 நிமிட டேப்புக்கு ஓர் ஓட்டம் சுமார் 2.8 ஜிபி. பெயரில் டேப் எண், டிராக் எண், கருவி, ஓட்டம் இந்த வரிசையில் வரட்டும்; பாட்டின் பெயரை முன்னால் போட்டால் பட்டியல் சிதறும். சரிபார்த்த பிரதிக்கு எம்டி5 எண் (ஃபைல் பின்னால் மாறியதா என்று காட்டும் எண்) எடுத்து, உறைப் படங்களோடு ஒரே ஃபோல்டரில் வைத்து, இரண்டு வெவ்வேறு இடத்தில் உள்ள டிஸ்குகளில் நகலெடுங்கள்.

மாற்றிய பிறகு டேப்பைத் தூக்கிப் போடலாமா?

இரண்டு ஓட்டத்தையும் கழித்தபோது பூஜ்யமான டேப்புகளை இடம் இல்லையென்றால் போடலாம். ஓரிடத்திலாவது பிழை தீராமல் நின்ற டேப்பை, அந்த நேரக் குறிப்பை உறையில் எழுதி, கடைசிவரை சுற்றி, நிமிர்த்தி வைத்து, உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். வேறு மெஷின் கிடைக்கும் நாளில் அந்தச் சில வினாடிகளை மட்டும் எடுத்தால் போதும்.